கல்லின் சொந்த ஊர்

“இந்தக் கல்லுக்குச் சொந்த ஊரு எது, டீச்சர்?”

கேட்டவளுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. அந்த இடைவெளி வழியாகக் கேள்வி காற்றோடு சேர்ந்து வந்தது. சித்திரை வெயிலில் அது ஒரு சீழ்க்கை போல ஒலித்தது.

மேலே வெளுத்த மலை. மலையின் நெஞ்சில் ஒரு கறுப்பு வரி. இந்தப் பக்கம் புதரில் தொடங்கி அந்தப் பக்கம் வானத்தில் முடிகிற வரி. யாரோ மை தொட்டு ஒரு கோடு இழுத்துவிட்டு, எழுத வந்ததை மறந்து எழுந்து போனது போல.

திலகவதி சுத்தியலைக் கீழே வைத்தாள். நெற்றியில் இட்டிருந்த திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியிருந்தது.

“நான் டீச்சர் இல்லம்மா.”

“அப்பறம் ஏன் பேக்கு மாட்டிக்கினு இருக்கீங்க?”

“கல்லு பொறுக்குறதுக்கு.”

“கல்லு பொறுக்கவா இவ்ளோ தூரம் படிச்சீங்க?”

திலகவதிக்குச் சிரிப்பு வந்தது. அவள் படித்த படிப்பை இவ்வளவு சுருக்கமாக யாரும் அதுவரை சொன்னதில்லை.

சிறுமியின் பெயர் கோகிலா. மலையடியில் வீடு. அம்மா சாலம்மாள் ஆடு மேய்க்கிறாள். பக்கத்துக் கல்குவாரியில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஒடிசாக்காரர்கள். இவ்வளவையும் அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

“எங்கம்மாவுக்கு அரூரு. எனக்கு இந்த ஊரு. குவாரி அண்ணனுங்களுக்கு ஒடிசா. எல்லாருக்கும் ஒரு ஊரு இருக்குது. மலை வெள்ளையா இருக்குது, இது மட்டும் கறுப்பா இருக்குது. அப்ப இது வெளியூருதான?”

வெளியூர்தான்.

அந்த மலைக்கு அந்தக் கல் வெளியூர்தான். அது ஒரு காலத்தில் கல்லாகவே இல்லை. நெருப்பாக இருந்தது. இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமி ஒரு நீண்ட விரிசல் விட்டது. விரிசல் வழியாக நெருப்பு ஏறி வந்தது. வந்த வழியிலேயே குளிர்ந்தது. குளிர்ந்து கறுப்பாக நின்றது.

எங்கிருந்து ஏறியது? அடியாழத்திலிருந்து நேராக வந்ததா? இல்லை, வரும் வழியில் மேலோட்டுப் பாறைகளை உருக்கிக் கலந்துகொண்டு, பாதி வழியில் வேறொன்றாகி வந்ததா? திலகவதியின் கேள்வியும் அதுதான். அவள் அதற்குப் பெரிய பெரிய பெயர்கள் வைத்திருந்தாள். பல் விழுந்த ஒருத்தி அதற்கு நல்ல பெயர் வைத்துவிட்டாள்.

சொந்த ஊர்.

“கண்டுபிடிச்சு வந்து சொல்றேன்.”

“நெசமாவா?”

“நெசமா.”

பிறகு ஒரு கல்லை எடுத்து அவளிடம் கொடுத்தாள். அம்மிக் குழவி அளவில், வெயில் படாத உள்பக்கத்திலிருந்து உடைந்து வந்த கல். ஈரம் காயாத கண் போல மினுங்கியது.

“நான் வர்ற வரைக்கும் இதைப் பத்திரமா பார்த்துக்கோ.”

கோகிலா அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தம்பியைத் தூக்குவது போல. ஒரு பக்கம் சாய்ந்தபடி, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, மலை இறங்கிப் போனாள்.

*

ஒவ்வொரு கல்லுக்குள்ளும் ஒரு பேச்சு இருக்கிறது. காதால் கேட்க முடியாத பேச்சு.

ஸ்ட்ரான்சியம் என்று ஒரு தனிமம். கல்லில் அது கொஞ்சமே கொஞ்சம் இருக்கும். அந்தக் கொஞ்சத்துக்குள்ளும் லேசானது ஒன்று, கனத்தது ஒன்று. பெயர் ஒன்று. குணம் ஒன்று. எடை மட்டும் வேறு. படித்தவர்கள் ஐசோடோப்பு என்பார்கள். திலகவதி மனத்துக்குள் அவற்றை அக்கா தங்கை என்பாள்.

பூமியின் மேலோட்டில் கனத்தவள் பெருகிக்கொண்டே போவாள். ஆழத்தில் அவள் பெருகுவது மிகவும் மெதுவாக. கனத்தவளை லேசானவளால் வகுத்தால் ஓர் எண் வரும். பூஜ்யம், புள்ளி, ஏழு. அதன்பின் சில இலக்கங்கள். கல்லின் ஊர் இருப்பது அந்தச் சில இலக்கங்களில்தான். எண் சிறியதென்றால் ஆழம். பெரியதென்றால் மேலோடு.

மலை தேயும். ஆறு திசை மாறும். கல் அந்த எண்ணை மறக்காது.

அவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்பதற்கு அவ்வளவு சுத்தமான இடம் வேண்டும். நகரத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தில் அப்படி ஓர் அறை இருந்தது. தூசி நுழையாத அறை. உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி போட வேண்டும். வளையல் ஆகாது. மோதிரம் ஆகாது. பொட்டு ஆகாது.

திருநீறும் ஆகாது. அது சாம்பல். சாம்பலிலும் அந்த அக்கா தங்கை இருக்கிறார்கள்.

அதனால் தினமும் காலையில் திலகவதி அறை வாசலில் நின்று நெற்றியைக் கழுவுவாள். கழுவும்போது உதடு அசையாமல் சொல்வாள். சாமி, கொஞ்ச நேரம் வெளியே இருங்க.

மாலையில் வெளியே வந்ததும் கைப்பையில் உள்ள சின்ன டப்பாவைத் திறந்து மறுபடி இட்டுக்கொள்வாள். காத்திருந்தவரை வீட்டுக்குக் கூட்டிப் போவது போல.

அந்தக் கழுவுதல் அவளுக்கு ஒருநாளும் வருத்தமாக இருந்ததில்லை. வாசலில் நிற்கச் சொன்னால் நிற்கிற சாமிதான் அவளுக்குத் தெரிந்த சாமி.

*

ஐப்பசியில் ஆயுத பூஜை வந்தது.

சுத்த அறைக்கு வெளியே கல் உடைக்கும் இயந்திரம் இருக்கும் கூடம். அதற்குத்தான் பூஜை. இயந்திரத்தின் இரும்புத் தாடைக்குச் சந்தனம். குங்குமம். மேலே ஒரு சாமந்தி மாலை. கல் கடிக்கிற வாய் அன்றைக்குப் பொரி தின்றது.

ஜெரோமுக்குத்தான் அதிக உற்சாகம். ஐசோடோப்பை எண்ணுகிற கருவி அவர் பொறுப்பு. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்.

“பொரிகடலை விஷயத்துல நான் எல்லா மதமும்தான் மேடம்” என்பார்.

பூஜைக்கு முதல் நாளே மாதிரிக் கற்களைப் பூட்டி வைத்துவிட வேண்டும். அது விதி. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவள் திலகவதி.

ஆனாலும் அந்த மலையின் கல் மட்டும் ஒரு பையில், மேசைமேல், வெளியே இருந்தது. உடைத்து, கழுவி, சின்னச் சின்னத் துண்டுகளாக, மறுநாள் பொடிப்பதற்காக. அதைப் பூட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பூஜை நடக்கும்போது அதுவும் பக்கத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது.

கற்பூரம் அணைந்தது. தன் டப்பாவிலிருந்து எல்லாருக்கும் திருநீறு கொடுத்தாள். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மீந்தது. பல் விழுந்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. மீந்ததைப் பையின்மேல் தூவினாள்.

நல்ல எண்ணாக வரட்டும், சாமி.

பையின் வாய் முழுதாக மூடியிருக்கவில்லை.

*

கார்த்திகை மழையில் எண் வந்தது.

பெரிய எண். எதிர்பாராத எண். ஆழத்துக் கல் இல்லை, மேலோட்டைக் கரைத்துக் குடித்து வந்த கல் என்று சொல்கிற எண். அந்த வட்டாரத்தில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. திலகவதி அதை எழுதினாள். எழுதியதைப் பெரிய கூட்டம் ஒன்றில் வாசிக்க அழைப்பு வந்தது. பாராட்டும் வந்தது.

ஜெரோம் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“மலைக்குப் பக்கத்துல ஓடுற ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்பு வரி இருக்குல்ல மேடம்? அதோட எண் சின்னதா வருது.”

“ஆமா.”

“ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி. உள்ளே இருக்கிறதும் ஒரே மாதிரி. ஒரே நாள்ல பொறந்ததுங்க. கூடப் பொறந்தவன் ஜாடை அப்படியே இருக்கு, அப்பன் பேரை மட்டும் மாத்திச் சொல்ற மாதிரி இல்ல?”

அவள் இரண்டு எண்களையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தாள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வீட்டில் பூஜை அலமாரிக்கு முன்னால் நின்றாள். சன்னல் வழியாக ஒரு கோல் வெயில் உள்ளே விழுந்திருந்தது. மூன்று விரலால் திருநீற்றை எடுத்தாள். நெற்றிக்குக் கொண்டு போகும் வழியில் விரலிலிருந்து கொஞ்சம் உதிர்ந்தது.

வெயிலில் அது மெல்ல இறங்கியது. மின்னிக்கொண்டு இறங்கியது. அவசரமே இல்லாமல், எங்கும் போகத் தெரிந்ததாக.

பூஜையன்று பையின்மேல் தூவிய சிட்டிகை நினைவுக்கு வந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

*

அவள் சொன்னதைக் கேட்டதும், “டப்பாவைக் கொடுங்க” என்றார் ஜெரோம்.

அவள் கைப்பை டப்பாவிலிருந்து ஒரு துளித் திருநீறு எடுத்தார். அமிலத்தில் கரைத்தார். கருவியில் வைத்தார். எண் வந்ததும் காகிதத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். ஒரு முனையில் ஆற்றுக்கு அப்பாலுள்ள வரி. மறுமுனையில் திருநீறு. நடுவில், கோட்டின் மேலேயே, அவள் கண்டுபிடித்த பெரிய எண். கல்லும் சாம்பலும் கலந்தால் வருகிற எண்.

“உங்க சாமிக்கும் ஒரு ஊர் இருக்கு மேடம். ஏதோ ஒரு நல்ல மாட்டுத் தொழுவம்.”

திலகவதி அழுதுவிடுவாளோ என்றுதான் அதைச் சொன்னார். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுபடி சிரித்தாள்.

கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் கேட்கப்பட்டவர் நேரில் வந்து பைக்குள் இறங்கியிருந்தார்.

பாராட்டியவர்கள் எல்லாருக்கும் அன்றே எழுதினாள். எண் தவறு, தவறு என்னுடையது. கூட்டத்துக்கு வரவில்லை என்றும் எழுதினாள். எழுதி முடித்தபோது உடம்பு லேசாக இருந்தது.

கனமாக இருந்தது ஒன்றுதான். ஒரு குழந்தைக்குக் கொடுத்த சொல்.

அந்த மலையிலிருந்து கொண்டுவந்த கல்லையெல்லாம் மீதம் வைக்காமல் ஒரே பையில் போட்டிருந்தாள். இனி அவளிடம் ஒரு துண்டும் இல்லை. இன்னொரு துண்டு வேண்டும்.

*

மலை இருந்தது. வரி இல்லை.

புதரில் தொடங்கி வானத்தில் முடிந்த கறுப்புக் கோடு இருந்த இடத்தில் ஒரு நீளமான பள்ளம். குவாரி அதை அறுத்து, உதிர்ந்த சில்லுகூட விடாமல் எடுத்துவிட்டது. எங்கோ யார் வீட்டிலோ அது பளபளக்கும். பள்ளம் நிறைய மழைத் தண்ணீர். தண்ணீர் நிறைய வானம். கரையில் ஒரு நாரை, இதெல்லாம் தனக்குத்தான் என்பதுபோல.

திலகவதி அந்தக் கரையில் வெகுநேரம் நின்றாள். தூறல் விழுந்து வானத்தைக் கலைத்தது. சேர்த்தது. கலைத்தது.

“டீச்சர்!”

குரலில் இப்போது சீழ்க்கை இல்லை. முன்பற்கள் முளைத்திருந்தன. அகலமான, புத்தம் புதிய பற்கள். கோகிலா ஓடி வந்தாள்.

“டீச்சர், உங்க கல்லு சாமியாயிடுச்சு!”

புங்க மரத்தடியில் அது இருந்தது.

கோகிலா கல்லைத் தினமும் கழுவியிருக்கிறாள். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களே. கழுவிக் கழுவி மரத்தடியில் வைத்திருக்கிறாள். ஒருநாள் குவாரியில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் நட்டபர் அந்த வழியாக வந்தார். அவர் ஊரில் அன்று தேர்த் திருவிழா, அவருக்கு லீவு இல்லை. கறுப்பாக, தனியாக, தண்ணீர் சொட்ட நின்ற கல்லைப் பார்த்தார். வேலியில் பூத்திருந்ததைப் பறித்து அதன் தலையில் வைத்தார். என்ன சாமி என்று கேட்டார்.

இன்னும் ஊர் தெரியவில்லை, டீச்சர் வந்து சொல்வார்கள் என்றாள் கோகிலா.

நட்டபருக்கு அது பிடித்துவிட்டது. மறுநாள் சுண்ணாம்பு கொண்டுவந்து, தன் ஊர்ச் சாமிக்கு இருப்பதுபோல இரண்டு பெரிய வட்டக் கண்கள் வரைந்தார். சாலம்மாள் தன் பங்குக்கு மஞ்சள் பூசினாள். குவாரி ஆட்கள் வேலை விட்டுப் போகும்போது அங்கே ஒரு நிமிடம் நின்று போனார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஓர் ஊர் தெரியாத சாமி.

கறுப்புக் கல். வெள்ளைக் கண். அந்தக் கண்கள் திலகவதியைப் பார்த்தன. நீயா, வந்துவிட்டாயா என்பதுபோல வியந்து பார்த்தன.

அவள் பையில் சுத்தியல் இருந்தது.

*

“ஒடைக்கவா?” என்றாள் சாலம்மாள். ஆட்டுக்கு ஒடித்த தழை கையிலேயே இருந்தது. “சாமியவா?”

“ஒரு துண்டு போதுங்க. பின்பக்கத்துல. இந்தக் கல்லு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. உள்ளே சுத்தமா இருக்கும்.”

“மொதல்ல எடுத்தது என்னாச்சு?”

திலகவதி சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பூஜை, மீந்த திருநீறு, மூடாத பை. சாலம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நட்டபர் சிரிக்கவில்லை. செய்தி கேட்டு வந்தவர், கல்லுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். முழங்காலைக் கட்டிக்கொண்டு. பெரிய உடம்பு. குரல் மட்டும் சின்னது.

“சாமிக்கு வலிக்கும் தீதி” என்றார். அக்காவுக்கு அவர் ஊர்ச் சொல் அது.

வலிக்கும் என்றுதான் திலகவதியும் நினைத்தாள். எண் வேண்டும். உண்மை வேண்டும். ஆனால் இங்கே ஒருவர் தன் ஊரையே இரண்டு வட்டமாக வரைந்து வைத்திருக்கிறார். அவள் சுத்தியலைப் பைக்குள் வைத்து மூடினாள்.

“வேண்டாங்க. நான் அப்படியே போறேன். கோகிலா, எனக்குத் தெரியலம்மா. தெரியலைன்னுதான் சொல்ல முடியும்.”

கோகிலாவின் சிரிப்பு நின்றது. புதுப் பற்கள் உதட்டுக்குள் போயின.

“இன்னும் தெரியலையா?” என்றாள். அவ்வளவு தூரம் இடுப்பில் சுமந்தவளின் குரல்.

சாலம்மாள் தழையைக் கீழே போட்டாள்.

“நாம ஏன் பேசிக்கினு நிக்கணும்? சாமியவே கேட்டுடலாம். பூ போட்டுப் பாக்கலாம்.”

அந்தப் பக்கத்து வழக்கம் அது. பெண் பார்க்கப் போகுமுன், கிணறு வெட்டுமுன், சாமியிடம் பூ கேட்பார்கள். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்கு மேல் பேச்சில்லை.

நட்டபருக்குச் சொல்லிப் புரியவைத்தார்கள். அவர் யோசித்தார். சாமி தானே சொன்னால் சரி என்று தலையாட்டினார்.

சாலம்மாள் வேலிப் பக்கம் போனாள். அங்கே நந்தியாவட்டையும் செவ்வரளியும் அடுத்தடுத்து நின்றன. பூவரச இலையில் மடித்து, நாரால் கட்டிக்கொண்டு வந்தாள். பச்சையாக இரண்டு பொட்டலம். எது எது என்று அவளுக்கும் தெரியாது என்பதுபோலக் குலுக்கிக் கல்லின் முன் வைத்தாள்.

“எடு கண்ணு.”

கோகிலா கண்ணை மூடினாள். தூறல் நின்றிருந்தது. இலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து அவள் கைமேல் உடைந்தது. நட்டபர் ஏதோ முணுமுணுத்தார். திலகவதியும் முணுமுணுத்தாள். அவரவர் மொழியில், ஒரே வேண்டுதல். சாமி, நீங்களே சொல்லுங்க.

கோகிலா ஒன்றை எடுத்து நட்டபரிடம் நீட்டினாள். அவர்தான் பிரித்தார்.

வெள்ளை.

அவர் முகம் மலர்ந்தது. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எழுந்து கல்லின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். வட்டக் கண்கள் இரண்டும் அவர் உள்ளங்கைக்குள் மறைந்தன.

“நீ அடி தீதி. அது பாக்காது.”

ஒரே அடி. பின்பக்கத்திலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு துண்டு பிரிந்து விழுந்தது. உடைந்த இடம் ஈரம் காயாத கண் போல மினுங்கியது.

டீ போடுவதற்கு எல்லாரும் வீட்டுப் பக்கம் போனார்கள். திலகவதி துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கல்லின் காலடியில் எடுக்கப்படாத பொட்டலம் கிடந்தது. ஈரத்தில் நார் நெகிழ்ந்திருந்தது. இலை தானாக விரிந்தது.

அதற்குள்ளும் வெள்ளை.

அவள் அப்படியே குந்தியிருந்தாள். புங்க மரம் தன் மழையைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது.

ஆம் என்று சொன்னது சாமியா, சாலம்மாளா? மகளின் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு வேலிப் பக்கம் போன கையா, இல்லை அந்தக் கையை அங்கே போகச் சொன்ன ஒன்றா? திலகவதிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்படிப்பட்ட இரண்டைப் பிரிக்கிற கருவி ஜெரோமிடமும் இல்லை.

இலையை மறுபடி மடித்தாள். நாரை இறுக்கிக் கட்டினாள். எழுந்து போய் டீ குடித்தாள். சாலம்மாள் அவளைப் பார்த்தாள். அவளும் சாலம்மாளைப் பார்த்தாள்.

“சக்கரை போதுமா டீச்சர்?”

“போதுங்க. நல்லா இருக்கு.”

*

மஞ்சளும் சுண்ணாம்பும் பட்ட புறத்தை அறுத்துத் தள்ளினாள். நடுவிலிருந்து ஒரு விரல் நுனி அளவு எடுத்தாள். நெற்றியைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பொடித்தாள், கரைத்தாள், வடித்தாள். கருவியின் முன்னால் ஜெரோமும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள்.

இலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

சின்ன எண். மிகச் சின்ன எண். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வரியின் எண்ணோடு கடைசி இலக்கம் வரை கைகோத்து நிற்கிற எண். ஒன்றும் கலக்காமல், வழியில் எங்கும் தங்காமல், ஆழத்திலிருந்து நேராக ஏறி வந்த கல். அவள் எழுதிய புதுமை போயிற்று. புதுமையே இல்லாத, கழுவிய தரைபோல ஓர் உண்மை வந்தது.

ஜெரோம் மேசையைத் தட்டினார்.

“கூடப் பொறந்ததுங்கதான் மேடம்! நான் சொல்லல?”

திலகவதி அங்கியைக் கழற்றினாள். வெளியே வந்து முதலில் நெற்றிக்கு இட்டாள். இரண்டாவதாக சாலம்மாளின் செல்லுக்குப் போன் செய்தாள். எடுத்தது கோகிலா.

“தெரிஞ்சிடுச்சா?”

“தெரிஞ்சிடுச்சு. அது ரொம்ப ஆழத்துலேர்ந்து வந்திருக்கு. மலைக்கெல்லாம் அடியில. மண்ணுக்கும் பாறைக்கும் அடியில.”

“அடியில எந்த ஊரு?”

திலகவதி கொஞ்சம் யோசித்தாள்.

“எல்லா ஊருக்கும் அடியில இருக்கிற ஊரு.”

அந்தப் பக்கம் ஆடு ஒன்று கத்தியது.

“எங்க ஊருக்கும் அடியிலயா?”

“ஆமா.”

“அரூருக்கும்?”

“அரூருக்கும்.”

“ஒடிசாவுக்கும்?”

“ஒடிசாவுக்கும்.”

“அப்ப அது சொந்த ஊருலதான் இருக்குது!” என்று கத்தினாள் கோகிலா. பிறகு போனை அணைக்க மறந்து ஓடினாள். தூரத்தில் அவள் குரல் கேட்டது. நட்டபர் அண்ணா, நட்டபர் அண்ணா, சாமிக்கு ஊரு கெடைச்சிடுச்சு, உங்க ஊருதான், எங்க ஊருந்தான்!

திலகவதி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். ஒரு குழந்தை ஓடுகிற சத்தம். ஒரு மலையடியின் காற்று. அதற்கப்பால் ஒரு பெரிய மனிதரின் சின்னக் குரல், சிரிப்பில் உடைகிற சத்தம்.

*

சித்திரை மறுபடி வந்தது. முதல் கோடை மழை இரவே பெய்து ஓய்ந்திருந்தது.

அவள் போனபோது வீடு பூட்டியிருந்தது. ஆடுகள் பட்டியில் இல்லை. அமாவாசை, குவாரிக்கும் விடுமுறை. பள்ளத்துத் தண்ணீரில் நாரை மட்டும் நின்றது. அதுவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

வருவதாக அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புங்க மரம் பூத்திருந்தது. கல்லைச் சுற்றிப் பூ உதிர்ந்து கிடந்தது. கண்களுக்குப் புதுச் சுண்ணாம்பு. திலகவதி செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லின் பின்பக்கம் போய் உட்கார்ந்தாள். யாரும் போகாத பக்கம். யாரும் பார்க்காத பக்கம்.

துணியைப் பிரித்தாள். விரல் நுனி அளவு போக மிச்சமிருந்த துண்டு. அறுத்துத் தள்ளிய மேல்தோல் சில்லுகளையும் விடாமல் கொண்டுவந்திருந்தாள். யாரும் திருப்பிக் கேட்காத கல். கொடுத்த அன்றே கொடுத்தவர்கள் மறந்துவிட்ட கல்.

உடைந்த இடத்தில் துண்டைப் பொருத்தினாள். அது தன் இடத்தை அறிந்து உட்கார்ந்தது. சில்லுகளைச் சுற்றிலும் செருகினாள். நடுவில் ஒரு சின்ன வெற்றிடம் மட்டும் நின்றது. எண்ணாக மாறிப்போன இடம்.

கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். திருநீற்றை நனைத்துக் குழைத்து அந்த வெற்றிடத்திலும் விரிசல் நெடுகவும் வைத்து அடைத்தாள். இந்த முறை கலக்கலாம். இந்த முறை எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கலாம்.

பிறகு வேலிப் பக்கம் போனாள். அருகருகே நின்ற இரண்டு செடிகளில் ஒன்றிலிருந்து மட்டும் பூப் பறித்தாள். பூவரச இலையில் மடித்து, நார் சுற்றி, இரண்டு பச்சைப் பொட்டலங்களைக் கல்லின் காலடியில் வைத்தாள். இன்றைக்கு யார் வந்து எதைக் கேட்டு எதை எடுத்தாலும், ஆம் என்று சொல்லட்டும்.

மேகம் விலகியது. இலைகளுக்கு நடுவே ஒரு கோல் வெயில் இறங்கியது. அவள் விரலில் ஒட்டியிருந்த திருநீறு உதிர்ந்து அந்த வெயிலில் மெல்ல இறங்கியது. மின்னிக்கொண்டு இறங்கியது. அவசரமே இல்லாமல்.

அவள் கிளம்பினாள். மலை தெரிந்தது. ஒரு காலத்தில் அந்த வெளுத்த மலையில் ஒரு கறுப்பு வரி இருந்தது.

மரத்தடியில், கறுத்த கல்லின் முதுகில், யாரும் பார்க்காத பக்கத்தில், இப்போது ஒரு வெள்ளை வரி இருந்தது.